லேசர் சிப்பின் முகம் படாமல்

கேலியம் ஆர்சனைடு என்ற குறைகடத்திப் படிகத்தில் செய்த சிறிய லேசர் சிப் ஒன்றின் எடை ஏறத்தாழ 40 மைக்ரோகிராம். நீளம் 300 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே ஒரு மைக்ரான்), அகலம் 250 மைக்ரான், தடிமன் 100 மைக்ரான் என்று வைத்துக்கொண்டு அந்தப் பொருளின் அடர்த்தியால் பெருக்கினால் இந்த எண் கிடைக்கும். வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் அப்படியொரு சிப்பை இடுக்கியால் எடுத்து, தட்டின் குழியில் வைப்பதற்காக இடுக்கியைத் திறந்தேன். சிப் விழவில்லை, இடுக்கியின் ஒரு கரத்தில் ஒட்டிக்கொண்டே நின்றது. தட்டினால் விழுந்துவிடும் என்று நினைத்து மெல்லத் தட்டினேன். நுண்ணோக்கியின் பார்வைப் பரப்பிலிருந்து அது மறைந்தது; மறுபடி கிடைக்கவே இல்லை.

நம் கைகள் பழகிய உலகில் பொருள்களை ஆள்வது எடை. விட்டால் விழும், தூக்கினால் கனக்கும் என்பதை நம்பித்தான் விரல்கள் இயங்குகின்றன. இவ்வளவு சிறுத்த பொருளிடம் அந்த நம்பிக்கை செல்லுபடியாகாது. நிலைமின்னேற்றம், பரப்பில் படர்ந்திருக்கும் மெல்லிய நீர்ப்படலம், இரு பரப்புகள் நெருங்கும்போது எழும் ஒட்டுவிசை ஆகியவை எடையை மிக எளிதாக வென்றுவிடுகின்றன. ஆகவே இந்த வேலைக்கு வருகிறவர்கள் கையின் பழைய அறிவை ஓரளவு மறந்துவிட்டுப் புதிதாகத்தான் பழக வேண்டியிருக்கிறது. வேஃபர் என்னும் மெல்லிய படிகத் தகட்டை, பல சிப்புகள் வரிசையாக அமைந்த கீற்றுகளான பார்களாகப் பிளக்கும் நிலை முதல், சிப்பைத் தாங்கியின் மேல் பற்றவைத்து உறைக்குள் மூடும் நிலை வரையிலான பகுதியில்தான் என் வேலைக்காலம் பெரும்பாலும் கழிந்திருக்கிறது. அங்கே நான் கற்றவற்றுள் முதன்மையானது ஒன்று உண்டு: கையால் நேரும் சேதம் கைபட்ட நேரத்தில் தெரிவதில்லை. உடைந்த சிப்பை யாரும் அடுத்த நிலைக்கு அனுப்ப மாட்டார்கள். அதனால் இழப்பு ஒரு சிப்போடு முடிந்துவிடும். என்னை வருத்தியவையெல்லாம் உடையாமல் தப்பி, எல்லாச் சோதனைகளிலும் தேறிப் போனவை.

கேலியம் ஆர்சனைடும் இண்டியம் பாஸ்பைடும் நொறுங்கும் இயல்புடைய படிகங்கள். விரிசல் பரவுவதை எதிர்க்கும் திறன் அவற்றில் சிலிக்கானில் இருப்பதில் ஏறத்தாழ பாதி அளவே உள்ளது. சிலிக்கான் வேஃபரைக் கையாண்டு பழகியவர்கள் இந்த வேஃபரை முதலில் தொடும்போது உடைப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சிலிக்கானுக்குப் போதுமான மென்மை இதற்குப் போதாது. அதிலும் பிளப்பதற்கு முன் வேஃபரின் அடிப்பக்கத்தைத் தேய்த்து, ஏறத்தாழ 100 மைக்ரான் தடிமனுக்கு, அதாவது ஒரு தலைமுடியைவிடச் சற்றே அதிகமான தடிமனுக்குக் கொண்டுவந்துவிடுகிறோம். அதன்பின் அதைத் தனியாகத் தூக்குவதே ஆபத்து. ஏதாவது ஒரு தாங்கியின் மேலோ ஒட்டுத்தாளின் மேலோதான் அது பயணம் செய்கிறது.

ஆனால் இந்த லேசர் பிறப்பதே அந்தப் பலவீனத்தினால்தான். ஒளி முன்னும் பின்னும் எதிரொளித்து வலுப்பெற, ஒன்றுக்கொன்று இணையான இரண்டு ஆடிகள் வேண்டும். 1962-ல் அமெரிக்காவின் ஷெனெக்டாடி நகரில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் ராபர்ட் ஹாலின் குழு முதல் குறைகடத்தி லேசரை ஒளிரச் செய்தபோது, அந்த ஆடிகளைத் தேய்த்து மெருகேற்றித்தான் உருவாக்கியது. இன்று நாம் தேய்ப்பதில்லை, படிகத்தைப் பிளக்கிறோம். கேலியம் ஆர்சனைடு குறிப்பிட்ட அணுத்தளத்தின் வழியே தானாகப் பிளந்துகொள்ளும். வேஃபரின் ஓரத்தில் மட்டும் வைர முனையால் ஒரு சிறு கீறலிட்டு, அடியிலிருந்து மெல்லிய விளிம்பால் அழுத்தினால், விரிசல் அந்தத் தளத்தைப் பிடித்துக்கொண்டு மறுமுனை வரை ஓடிவிடும். வெளிப்படும் பரப்பு, எந்த மெருகும் தர முடியாத அளவுக்குச் சமமாக இருக்கும். கீறலை ஒளி வெளிவரும் பகுதியின் குறுக்கே நீட்டவே கூடாது. கீறப்பட்ட இடத்தில் கிடைப்பது நொறுங்கிய பரப்பு, ஆடியல்ல. தொழிலில் இந்தப் பரப்பை ஃபேசெட் என்பார்கள். நான் முகம் என்றே சொல்லிப் பழகிவிட்டேன்.

அந்த முகம், ஒன்றும் பூசாத நிலையிலேயே, தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 30 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். படிகத்தின் ஒளிவிலகல் எண் 3.5 அளவில் இருப்பதே காரணம். பின்னர் ஒரு முகத்தில் எதிரொளிப்பைக் கூட்டும் படலத்தையும், மற்றதில் குறைக்கும் படலத்தையும் பூசுகிறோம். பிளப்பதற்கும் பூசுவதற்கும் இடைப்பட்ட நேரம் எனக்கு எப்போதும் பதற்றம் தருவது. கட்டமைப்பில் அலுமினியம் கலந்திருந்தால் புதிதாகத் திறந்த முகம் காற்று பட்டவுடனே ஆக்சிஜனேற்றம் அடையத் தொடங்கும். இதற்காகவே வெற்றிடத்துக்குள் வைத்துப் பிளந்து, வெளியே எடுக்காமலே பூசும் முறைகளும் கையாளப்படுகின்றன.

முகத்தைப் பற்றி இத்தனை கவலை ஏன் என்பதை ஒரு கணக்குப் போட்டுத்தான் புதியவர்களுக்கு விளக்குவேன். ஒளி வெளிவரும் இடம் 100 மைக்ரான் அகலமும் ஒரு மைக்ரான் உயரமும் கொண்டது என்று கொள்வோம். அதன் பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அதன் வழியே 10 வாட் வெளியேறினால், ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் கோடி வாட் என்ற செறிவு அந்த முகத்தில் நிலவுகிறது. அங்கே ஒரு துகளோ எண்ணெய்ப் படலத்தின் ஒரு சிறு தீற்றலோ இருந்தால் அது ஒளியை உறிஞ்சும். உறிஞ்சிய இடம் சூடேறும். சூடேறிய படிகத்தின் ஆற்றல் இடைவெளி, அதாவது ஒளியை உறிஞ்ச எலெக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல் அளவு, சுருங்கும். சுருங்கியதால் இன்னும் அதிகமாக உறிஞ்சும். இந்தச் சுழல் தொடங்கியபின் நிறுத்த எவராலும் முடியாது. மைக்ரோ விநாடிகளுக்குள் முகம் உருகி லேசர் செத்துவிடும். நுண்ணோக்கியில் பார்த்தால் ஒளி வந்த இடத்தில் ஒரு கருகிய புள்ளி மட்டும் மிஞ்சியிருக்கும்.

எனக்குப் பயிற்சி தந்த மூத்த பெண்மணி, கருவி எதையும் என் கையில் தருவதற்கு முன் ஒரு வாரம் என்னைப் பார்க்க மட்டுமே வைத்தார். "சிப்புக்கு ஆறு பக்கம். ரெண்டு முகத்தைத் தொடக் கூடாது, மேல்பக்கம் நடுவுல தொடக் கூடாது. எதைத் தொடலாம்னு நீங்களே சொல்லுங்க" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார். பக்கச் சுவர்கள் இரண்டும் இடுக்கிக்கு உரியவை. மேல்பக்கத்தின் ஓரம், உறிஞ்சித் தூக்கும் வெற்றிட முனைக்கு உரியது. அடிப்பக்கம் தாங்கிக்கு உரியது. மேல்பக்கத்தின் நடுவே இரண்டு மூன்று மைக்ரான் அகலத்தில் ஒரு வரப்பு ஓடுகிறது. ஒளியை வழிநடத்தும் அந்த வரப்பின் மேல் முனையை இறக்கி அழுத்தினால் அதன் கீழுள்ள அடுக்குகள் சிதையும். அவர் சொல்லித்தந்த ஒழுங்கு எளியது: எடுப்பதற்கு முன் முகம் எந்தத் திசையில் இருக்கிறது என்று பார்ப்பது, வைக்கப்போகும் இடத்திலும் அது எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது, அதன்பின்தான் கையை நீட்டுவது. எடுத்தபின் யோசிக்கிறவர்கள் சிப்பைக் காற்றில் திருப்புகிறார்கள். விபத்துகளில் பெரும்பங்கு அந்தத் திருப்பத்தில்தான் நேர்கிறது.

என் விருப்பம் எப்போதும் வெற்றிட முனைதான். 100 மைக்ரான் விட்டமுள்ள துளையில் ஓரளவு நல்ல வெற்றிடம் கிடைத்தாலே, அது தரும் பிடிப்பு சிப்பின் எடையைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேல் இருக்கும். எனவே தூக்குவது சிக்கலே இல்லை, விடுவிப்பதுதான் சிக்கல். வெற்றிடத்தை நிறுத்தினாலும் சிப் முனையில் ஒட்டியே இருக்கும். காற்றை ஊதி விடுவித்தால் பறந்துவிடும். வைக்கும் தட்டின் பரப்பு சற்றே பிசுபிசுப்பான ஜெல்லாக இருந்தால், சிப்பின் அடிப்பக்கம் அதில் முழுமையாகப் படியும் வரை இறக்கி, வெற்றிடத்தை நிறுத்தி, ஒரு கணம் பொறுத்து, முனையைச் சற்றே பக்கவாட்டில் நகர்த்தி உயர்த்தினால் ஜெல்லின் பிடி வென்றுவிடும். அந்த ஒரு கணப் பொறுமை வருவதற்கு எனக்குச் சில மாதங்கள் பிடித்தன. முனையின் பொருளும் முக்கியம். உலோக முனை கீறும். சாதாரண பிளாஸ்டிக் முனை மின்னேற்றத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். மின்னேற்றத்தை மெல்லக் கடத்தி வெளியேற்றும் மென்மையான பொருளில் செய்த முனையே ஏற்றது.

மின்னேற்றத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மனித உடலில் ஏறத்தாழ 3,000 வோல்ட் சேர்ந்து இறங்கும்போதுதான் விரலில் சுருக்கென்று தெரியும். இத்தகைய சிப்புகளாலான பல லேசர் டையோடுகளோ சில நூறு வோல்ட்டிலேயே சேதமடைகின்றன. 100 வோல்ட்டைக் கூடத் தாங்காதவையும் உண்டு. மனித உடலைச் சோதனைக்காக 100 பிக்கோஃபாரட் மின்தேக்கியாகவும் 1,500 ஓம் மின்தடையாகவும் மதிப்பிடுவது வழக்கம். அந்தக் கணக்கின்படி, நாம் உணரவே முடியாத 500 வோல்ட் இறங்கும்போது 0.33 ஆம்பியர் மின்னோட்டம் 150 நானோ விநாடி அளவில் சிப்பின் வழியே பாய்கிறது. சில பத்து மில்லி ஆம்பியரில் இயங்குவதற்காகச் செய்யப்பட்ட தகவல்தொடர்பு லேசருக்கு இது பேரிடி. அது பின்னோக்கிய திசையில் பாய்ந்தால் நிலைமை இன்னும் மோசம். பல லேசர் டையோடுகளின் தரவுத்தாள்கள் பின்னோக்கு மின்னழுத்தத்தை 2 வோல்ட் வரையில்தான் அனுமதிக்கின்றன.

மணிக்கட்டுப் பட்டை அணிவது எல்லோருக்கும் தெரிந்த காப்பு. அதனுள் ஒரு மெகா ஓம் மின்தடை இருக்கும். அணிந்தவரை மின்னதிர்ச்சியிலிருந்து காப்பதற்காக வைத்தது அது. காலையில் பட்டையைச் சோதித்துப் பச்சை விளக்கைப் பார்த்துவிட்டு நாள் முழுவதும் நம்பி வேலை செய்தோம். ஒருமுறை ஒரு பட்டையின் கம்பி உறைக்குள்ளேயே அறுந்திருந்தது. கையை நீட்டி வைத்திருந்தால் தொடர்பு இருக்கும், மடக்கினால் அறுந்துவிடும். சோதனைக் கருவியின் முன் நிற்கும்போது எல்லோரும் கையை நீட்டித்தான் நிற்கிறோம். எத்தனை நாள் அப்படி ஓடியது என்பதைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. அதன்பின் தொடர்ந்து கண்காணிக்கும் இணைப்புகளை ஒவ்வொரு மேசைக்கும் கேட்டு வாங்கினோம்.

பட்டை மனிதரை மட்டுமே நிலத்தோடு இணைக்கிறது என்பதும் பலருக்கு உறைப்பதில்லை. ஒட்டுத்தாளிலிருந்து சிப்பைப் பிரிக்கும்போது தாளிலும் சிப்பிலும் மின்னேற்றம் உண்டாகிறது. அந்தத் தாள் மின்கடத்தாப் பொருள். அதை நிலத்தோடு இணைப்பதால் பயனில்லை. மின்னேறிய சிப் ஓர் உலோகப் பரப்பைத் தொடும் நொடியில், அதில் சேர்ந்தது முழுவதும் ஒரு நானோ விநாடி அளவில் இறங்கிவிடும். இந்த இடத்தில் காப்பது, இருவகை அயனிகளையும் காற்றில் பரப்பும் அயனைசர் மட்டுமே. அதன் காற்றோட்டம் உரிக்கும் இடத்தின் மேல் படும்படி இருக்க வேண்டும். மேசையின் மறுகோடியில் வைத்துவிட்டு இருக்கிறதே என்று ஆறுதல் கொள்வதில் பொருளில்லை. உரிப்பதையும் மெதுவாகச் செய்ய வேண்டும், ஏனென்றால் வேகமாக உரிக்க உரிக்க மின்னேற்றம் கூடுகிறது.

மின்னிறக்கத்தில் உடனே செத்த லேசர் சோதனையில் பிடிபட்டுவிடும். பாதி காயத்தோடு தப்பியது பிடிபடாது. லேசர் ஒளியைத் தரத் தொடங்கும் தொடக்க மின்னோட்டம் ஓரிரு விழுக்காடு உயர்ந்திருக்கும், அதுவும் வரம்புக்குள்ளேயே இருக்கும். அது பெட்டியில் ஏறிப் போய்விடும்.

இதே தன்மையை எனக்கு இன்னும் கசப்பாகக் கற்பித்தது ஒரு தொகுதிப் பார்கள். 808 நானோமீட்டர் ஒளியைத் தருபவை. 48 மணி நேரம் தொடர்ந்து ஒளிரவிட்டுப் பார்க்கும் எரியோட்டச் சோதனையில் அனைத்தும் தேறின. நீண்ட ஆயுள் சோதனைக்காக எடுத்து வைத்த சில, 400 மணி நேரத்துக்கு மேல் போனபின் ஒவ்வொன்றாக மங்கத் தொடங்கின. திடீர்ச் சாவு இல்லை. மெல்ல மெல்லக் குறைந்தன. அவற்றைப் பிரித்து ஒளிர்வுப் படம் எடுத்தபோது, ஒளிரும் பட்டையின் குறுக்கே கருங்கோடுகள் தெரிந்தன. எல்லாக் கோடுகளும் பாரின் ஒரே முனைக்கு அருகிலிருந்து தொடங்கின. அந்த முனையின் விளிம்பில், நுண்ணோக்கியில் தேடினால்தான் தெரியும் அளவுக்கு ஒரு சிதைவு இருந்தது. பூச்சுக் கருவியிலிருந்து பார்களை எடுக்கும்போது நான் எப்போதும் பிடிக்கும் இடம் அது. என் இடுக்கியின் ஒரு முனை சற்றே வளைந்திருந்ததால், விளிம்பில் அழுத்தம் ஒரு புள்ளியில் குவிந்திருக்கிறது.

இந்தக் கருங்கோடுகளின் கதை பழையது. 1970-ல் சோவியத் ஒன்றியத்தின் லெனின்கிராடில் இயற்பியலாளர் ஆல்ஃபெரோவின் குழுவும், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஹயாஷியும் பானிஷும் அறை வெப்பத்தில் தொடர்ந்து ஒளிரும் லேசரை உருவாக்கினார்கள். அந்தத் தொடக்ககால லேசர்களின் ஆயுள் மிகக் குறைவு. ஏன் சாகின்றன என்று தேடியபோது, 1973-ல் பெல் ஆய்வகத்தினர் ஒளிரும் பகுதியில் இந்தக் கோடுகள் வளர்வதைக் கண்டறிந்தார்கள். படிகத்தில் அணுவரிசை பிறழ்ந்த ஓர் இடம் இருந்தால், அங்கே எலெக்ட்ரானும், எலெக்ட்ரான் விட்டுச்சென்ற காலியிடமான துளையும் இணையும்போது வெளிப்படும் ஆற்றல் ஒளியாகாமல் படிகத்தை அசைக்கிறது; அந்த அசைவே பிறழ்வை மேலும் வளர்க்கிறது. அதாவது, லேசர் தான் இயங்கும் ஆற்றலைக் கொண்டே தன் காயத்தைப் பெரிதாக்கிக்கொள்கிறது. அணைத்து வைத்திருந்தால் பல ஆண்டுகள் மாறாமல் கிடக்கும் ஒரு விளிம்புச் சிதைவு, விளக்கேற்றியபின் நாளுக்கு நாள் உள்நோக்கி நடக்கிறது. இண்டியம் கலந்த 980 நானோமீட்டர் லேசர்களிலும் இண்டியம் பாஸ்பைடு லேசர்களிலும் இந்த வளர்ச்சி மிகவும் மந்தமானது. கேலியம் ஆர்சனைடும் அலுமினியமும் சேர்ந்த கட்டமைப்புகளில் அந்தத் தயவு இல்லை. என் கையில் வளைந்திருந்த இடுக்கி, என் கண்முன் எதையும் உடைக்காமல், சில வாரங்களுக்குப் பிறகு வேறோர் அறையில் அந்தப் பார்களைக் கொன்றது. அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன் இடுக்கியின் முனைகளை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, இரண்டும் சமமாகச் சந்திக்கின்றனவா என்று பார்க்கிறேன். அந்தத் தொகுதியில் எஞ்சியவை வெளியே அனுப்பப்படாமல் ஒதுக்கப்பட்டது எனக்கு நேர்ந்த நற்பேறு.

பற்றவைக்கும் நிலையில் இயந்திரம் பெரும்பகுதியைப் பார்த்துக்கொள்கிறது. 80 பங்கு தங்கமும் 20 பங்கு வெள்ளீயமும் கலந்த பற்றாசு 280 டிகிரி செல்சியஸில் உருகும். அந்த வெப்பத்திலிருந்து ஆறும்போது படிகமும் தாங்கியும் வெவ்வேறு அளவில் சுருங்குவதுதான் சிக்கல். 10 மில்லிமீட்டர் நீளமுள்ள பாரை நேரடியாகச் செம்பின் மேல் இப்படிப் பற்றவைத்தால், இரண்டின் சுருக்கத்துக்கும் இடையே ஏறத்தாழ 28 மைக்ரான் வேறுபாடு வரும். பார் வளையும் அல்லது விரிசல் விடும். செம்போடு டங்ஸ்டனைக் கலந்து சுருக்கத்தைப் பொருத்துவது ஒரு வழி. 157 டிகிரிக்குக் கீழேயே உருகும் மென்மையான இண்டியத்தைப் பயன்படுத்துவது இன்னொரு வழி. ஆனால் நாளடைவில் இண்டியம் இடம்பெயரும் இயல்புடையது. இரண்டில் முதலாவதையே நான் தேர்ந்தெடுப்பேன். பற்றவைப்பதை எளிதாக்கும் ஃபிளக்ஸைத் தொடவே மாட்டோம். அதன் எச்சம் ஆவியாகி முகத்தில் படியும்.

முகத்தில் படிவது பற்றித் துறை கற்ற பாடமும் எளிதாகக் கிடைத்ததன்று. நீண்ட தூர ஒளியிழைகளில் ஒளியைப் பெருக்க உதவும் 980 நானோமீட்டர் லேசர்களைத் தூய நைட்ரஜன் நிரப்பிய உறைக்குள் காற்றுப்புகாமல் மூடியபோது, அவை எதிர்பார்த்ததைவிட விரைவில் இறந்தன. உறைக்குள் மிஞ்சியிருந்த கரிமப் பொருள்களின் ஆவி, செறிந்த ஒளியால் சிதைந்து, முகத்தில் கரியாகப் படிந்ததே காரணம். உறைக்குள் சிறிது ஆக்சிஜனைச் சேர்த்தபோது அந்தக் கரி எரிந்து நீங்கியது. தூய்மையே காப்பு என்று நம்பி ஆக்சிஜனை விலக்கியதுதான் அங்கே தீங்காகியிருக்கிறது. நீல ஒளி லேசர்களில் இதே வேலையைச் சிலிக்கோன் ஆவி செய்கிறது. கைக்களிம்பு, தலைமுடிப் பூச்சு போன்றவற்றிலும் சிலிக்கோன் இருப்பதால், அவற்றைத் தவிர்க்கச் சொல்வது தூய்மை அறையின் வீண் கண்டிப்பு அல்ல.

பிளப்பது முதல் மூடுவது வரை ஒரு சிப்பையோ அது இருக்கும் பாரையோ எத்தனை முறை தொடுகிறோம் என்று ஒருநாள் எங்கள் வரிசையில் நின்று எண்ணினேன். பதினான்கு முறை. அவற்றுள் ஐந்து, ஒரு தட்டிலிருந்து வேறொரு தட்டுக்கு மாற்றுவதற்காக மட்டுமே இருந்தன. அடுத்தடுத்த இரு நிலைகளின் தட்டுகள் வெவ்வேறு அளவில் இருந்ததைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. ஒரே அளவுத் தட்டுகளைக் கொண்டுவந்து அந்த ஐந்தையும் நீக்க ஓராண்டு ஆயிற்று. அதன்பின் யாராவது புதிய சோதனை ஒன்றைச் சேர்க்கச் சொன்னால், அது எத்தனை தொடுதல்களைக் கூட்டும் என்பதே என் முதல் கேள்வி. பூச்சுக்குப் பிறகு முகத்தை நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனையை அண்மையில் சேர்த்தோம். பார்களை எடுத்து நிமிர்த்தி வைத்தால் இரு முகங்களும் நன்றாகத் தெரியும். ஆனால் இரண்டு தொடுதல்கள் கூடும். அதனால் பார்களைத் தட்டிலிருந்து எடுக்காமலே, தட்டைச் சாய்த்து வைத்து ஒரு முகத்தை மட்டும் பார்க்கிறோம். மறுமுகத்தை, எப்படியும் பாரைத் திருப்ப வேண்டியிருக்கும் அடுத்த நிலையில் பார்த்துக்கொள்கிறோம்.